தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வரும் தோட்டம் போட நம்பகமான தகவல்கள் எங்கே கிடைக்கும்?

மகரந்தச் சேர்க்கை செய்யும் பூச்சிகள் வரும்படி ஒரு தோட்டம் போட ஆசை, ஆனால் தேடினால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு செடிப் பட்டியல் இருக்கிறது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாக இந்தப் பூச்சிகளின் பின்னாலேயே அலைகிறவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செடிப் பட்டியலை முதலில் தேடாதீர்கள். உங்கள் பகுதியில் என்னென்ன பூச்சிகள் பறக்கின்றன என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பட்டியல் அதிலிருந்து தானாக வரும்.

பட்டியல்கள் ஒத்துப்போகாததற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலானவை எழுதியவரின் மண்ணுக்கும் பருவத்துக்கும் சரியானவை. இடம் மாறினால் பயன்படாமல் போகலாம், சில சமயம் கெடுதலாகவும் முடியும். வட அமெரிக்காவின் மோனார்க் வண்ணத்துப்பூச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் புழு, பால் வடியும் மில்க்வீட் செடிகளை மட்டுமே தின்னும். இதைக் கேள்விப்பட்ட பலர் நாற்றங்காலில் சுலபமாகக் கிடைக்கிற வெப்பமண்டல மில்க்வீடை வாங்கி நட்டார்கள். அமெரிக்காவின் உள்ளூர் வகைகள் குளிர்காலத்தில் தரைக்கு மேல் பட்டுப்போகும். இலையில் ஒட்டியிருக்கும் ஒரு ஒட்டுண்ணியின் வித்துகளும் அதோடு ஒழிந்துவிடும். குளிர் குறைந்த தென்பகுதிகளில் இந்த வெப்பமண்டலச் செடி மட்டும் வருடம் முழுக்கப் பச்சையாக நிற்பதால் அந்த வித்துகள் சேர்ந்துகொண்டே போகின்றன. புழு இலையோடு சேர்த்து அதையும் தின்கிறது. தொற்று கடுமையானால் சிறகு சரியாக விரியாத வண்ணத்துப்பூச்சிதான் கூட்டிலிருந்து வெளிவரும். நல்ல எண்ணத்தோடு நட்ட செடிதான். இடம்தான் பொருந்தவில்லை.

அதனால் உங்களுக்குத் தேவையான முதல் தகவல் எந்தப் புத்தகத்திலும் இருக்காது, உங்கள் தெருவில்தான் இருக்கும். அதைச் சேகரிக்க பிரிட்டனில் தன்னார்வலர்கள் செய்யும் ஒரு கணக்கெடுப்பு முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அரை மீட்டருக்கு அரை மீட்டர் சதுரத்தில் பூத்திருக்கும் ஒரே வகைப் பூவைத் தேர்ந்தெடுங்கள். வெயில் இருக்கும், காற்று அதிகம் இல்லாத நேரமாகப் பார்த்து 10 நிமிடம் உட்கார்ந்து, அந்தப் பூக்களில் வந்து இறங்கும் ஒவ்வொரு பூச்சியையும் எண்ணுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. ‘சிறிய கருப்புத் தேனீ’, ‘மஞ்சள் கோடு போட்ட ஈ’ என்று எழுதினால் போதும். வெவ்வேறு வகைப் பூக்களில் இதைச் செய்து பார்த்தால் அசந்துபோவீர்கள். பெரிய பகட்டான பூவைச் சீண்டக்கூட ஆள் வராது. பக்கத்தில் களை என்று ஒதுக்கிய செடியில் ஐந்தாறு வகைப் பூச்சிகள் மொய்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்தது பெயர் கண்டுபிடிப்பது. இதற்கு ஐநேச்சுரலிஸ்ட் என்ற இலவசத் தளத்தைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். படத்தைப் போட்டால் என்னவாக இருக்கலாம் என்று அதுவே ஊகித்துச் சொல்லும், அப்புறம் அந்த உயிரினத்தைத் தெரிந்தவர்கள் பார்த்து உறுதி செய்வார்கள் அல்லது திருத்துவார்கள். இயந்திரத்தின் ஊகத்தை மட்டும் நம்பிச் செடி வாங்கப் போகாதீர்கள், ஆட்கள் உறுதி செய்யும்வரை பொறுங்கள். பூச்சியை மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் தெரிய ஒன்று என்று எடுத்தால் பெயர் கிடைக்க வாய்ப்பு அதிகம். அது உட்கார்ந்திருக்கும் செடியையும் தனியாக ஒரு படம் எடுத்து வையுங்கள், பின்னால் உதவும். உங்கள் பகுதியை வரைபடத்தில் பெரிதாக்கினால் அக்கம்பக்கத்தில் மற்றவர்கள் எந்த மாதத்தில் என்ன பார்த்தார்கள் என்பதும் தெரியும். உங்களுக்கான ஆதாரப்பூர்வமான பட்டியல் அதுதான்.

பெயர் கிடைத்ததும் செடிக்கு வரலாம். இங்கே பலரும் பூவோடு நின்றுவிடுகிறார்கள். வண்ணத்துப்பூச்சிக்குப் பூந்தேன் பல பூக்களில் கிடைக்கும். முட்டையிட மட்டும் அதற்கென்று ஒரு செடியோ, ஒரு குடும்பத்துச் செடிகளோ வேண்டும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி எருக்கு இனத்துச் செடிகளைத் தேடி வந்து, இலையில் ஒவ்வொரு முட்டையாக வைக்கும். அதிலிருந்து வரும் புழுவை ஒருமுறை குனிந்து பாருங்கள். கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகள், முதுகில் மூன்று ஜோடி கரிய கொம்புகள். கிட்டத்தட்ட இதே பட்டைகளோடு இருக்கும் மோனார்க் புழுவுக்கு இரண்டு ஜோடிதான். மோனார்க் புழு இலையைத் தின்பதற்கு முன்னால் நரம்பைக் கடித்துப் பால் ஓட்டத்தை நிறுத்தும். பிசுபிசுப்பான பால் வாயில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது செய்யும் வேலை இது. இந்த ஒரு காட்சிக்காகவே இலையில் ஓட்டை விழுந்த செடியை நான் மகிழ்ச்சியோடு வைத்திருப்பேன். ஓட்டை விழாத தோட்டத்தில் வண்ணத்துப்பூச்சி விருந்தாளியாக வரலாம், குடியிருக்காது.

எந்தப் புழு எந்தச் செடியைத் தின்னும் என்று பார்க்க, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தொகுத்த ‘ஹோஸ்ட்ஸ்’ என்ற தரவுத்தளம் இருக்கிறது. வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சிகளின் உணவுத் தாவரங்களை உலக அளவில் திரட்டியிருக்கிறார்கள். அதில் அறிவியல் பெயரைப் போட்டுத்தான் தேட வேண்டும், ஐநேச்சுரலிஸ்டில் கிடைத்த பெயர் இங்கே கைகொடுக்கும். பழைய பதிவுகளிலிருந்து திரட்டியது என்பதால், உள்ளூரில் பார்த்தவர்களின் குறிப்போடு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. அப்புறம் அந்தச் செடி உங்கள் பகுதிக்கு உரியதுதானா என்று பார்க்க, லண்டன் கியூ தாவரவியல் பூங்கா நடத்தும் ‘பிளாண்ட்ஸ் ஆஃப் த வேர்ல்ட் ஆன்லைன்’ தளத்தில் அதே போல அறிவியல் பெயரைக் கொடுங்கள். ஒரு செடி எங்கெல்லாம் இயற்கையாக வளர்கிறது, எங்கெல்லாம் பின்னால் கொண்டுபோகப்பட்டது என்பதை வரைபடத்தில் தனித்தனி நிறத்தில் காட்டும். ‘நாட்டுச் செடி’ என்று ஒருவர் விற்கும்போது அது உண்மையா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தேனீ என்றால் எல்லோருக்கும் கூட்டமாக வாழும் தேனீதான் நினைவுக்கு வருகிறது. உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன, அவற்றில் பெரும்பாலானவை தனியாக வாழ்பவை. சுமார் 70 சதவீத இனங்கள் மண்ணில் வளை தோண்டிக் கூடு கட்டும். மற்றவற்றில் பல காய்ந்த தண்டின் உள்ளே, மரத்தில் வண்டு துளைத்த ஓட்டையில் என்று இடம் பார்த்துக்கொள்ளும். ஆகவே, பூ மட்டும் சொல்லிவிட்டு மண்ணைப் பற்றி ஒரு வரி கூடச் சொல்லாத வழிகாட்டி அரைகுறைதான். வெயில் படும் ஓரத்தில் கொஞ்சம் வெற்று மண்ணை மூடாமல், கிளறாமல் விட்டுவையுங்கள். காய்ந்த இலை, வைக்கோல் போட்டு மண்ணை மூடும் மூடாக்கு நல்லதுதான், அதற்காக ஒரு அங்குலம் விடாமல் போட்டுவிடாதீர்கள். செடியைக் கவாத்து செய்யும்போது உள்ளே துளையாக இருக்கும் தண்டு சிலவற்றை ஒரு முழம் உயரத்துக்கு நிற்க விடுங்கள்.

கூடு, பூச்சிக்கொல்லி, வாழிடம் என்று முழுமையாகப் படிக்க ஸெர்சீஸ் சங்கத்தின் இலவச வெளியீடுகள் எனக்குப் பிடித்தவை. 1971இல் தொடங்கிய அமெரிக்க அமைப்பு அது. மனிதர்கள் வாழிடத்தை அழித்ததால் அற்றுப்போன ஒரு நீல வண்ணத்துப்பூச்சியின் பெயரைத்தான் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய செடிப் பட்டியல்கள் வட அமெரிக்காவுக்கானவை, நீங்கள் அங்கே இல்லையென்றால் அந்தப் பக்கங்களைத் தாண்டிவிடுங்கள். கூடு அமைப்பது, மருந்து தவிர்ப்பது பற்றி அவர்கள் சொல்வது எங்கும் பொருந்தும். கடையில் விற்கும் ‘தேனீ ஹோட்டல்’ வாங்குவதற்கு முன்னால் அதைப் பற்றி அவர்கள் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள். துளை ஆழமில்லாத, சுத்தம் செய்யவே முடியாத பெட்டிகளில் பூஞ்சையும் ஒட்டுண்ணியும்தான் பெருகும்.

மற்ற தகவல்களை எடைபோட நான் பார்ப்பது சில விஷயங்கள்தான். செடிக்கு அறிவியல் பெயர் இருக்கிறதா? எந்தப் பகுதிக்கு என்று சொல்லியிருக்கிறார்களா? எந்த மாதம் பூக்கும் என்று இருக்கிறதா? கடைசிக் கேள்வி முக்கியம். எல்லாச் செடியும் ஒரே நேரத்தில் பூத்து ஓய்ந்துவிட்டால் மீதி மாதங்களில் பூச்சி பட்டினி. அடுக்கு இதழ்ப் பூக்களை ஒரு பட்டியல் தாராளமாகப் பரிந்துரைத்தால் அதை மூடிவைத்துவிடலாம். அந்தப் பூக்களில் மகரந்தத்தாள்களே இதழாக மாறியிருப்பதால் பூச்சிக்கு உள்ளே ஒன்றும் பெரிதாகக் கிடைக்காது. குறுங்காணொளிகளைப் பார்த்து ஆசைப்படுங்கள், செடி வாங்குவதை மட்டும் சரிபார்த்த பிறகு செய்யுங்கள்.

பூச்சிக்கொல்லி விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். நியோநிகோட்டினாய்டு வகை மருந்துகளை விதையிலோ வேரிலோ போட்டாலும் செடி அதை உறிஞ்சி மகரந்தம், பூந்தேன்வரை கொண்டுபோய்விடும். இந்த வகையில் முக்கியமான மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை செய்தது. வாங்கும் நாற்று ஏற்கெனவே இந்த மருந்தோடு வந்தால் நீங்கள் எவ்வளவு கவனமாக வளர்த்தும் பயனில்லை. எனவே நாற்றுப்பண்ணையில் ‘மருந்து அடிப்பீர்களா’ என்று பொதுவாகக் கேட்காமல், விதைக்கோ மண்ணுக்கோ என்ன மருந்து போட்டீர்கள் என்று பெயரோடு கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் விதை வாங்கி நீங்களே முளைக்க வையுங்கள். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால் உடனே பதறவேண்டாம். பூ ஈக்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, தேனீ போலவே கோடு போட்டுக்கொண்டு அந்தரத்தில் நிற்கும். அவற்றில் பல இனங்களின் புழுக்களுக்கு அசுவினிதான் சாப்பாடு.

ஆட்களிடமும் கேட்கலாம். பக்கத்தில் வேளாண் கல்லூரியோ பல்கலைக்கழகமோ இருந்தால் பூச்சியியல் துறைக்கு எழுதுங்கள், தாவரவியல் பூங்கா இருந்தால் அங்கே கேளுங்கள். ‘என்ன நடலாம்’ என்று மொட்டையாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். உங்கள் கணக்கெடுப்புத் தாளையும் படங்களையும் காட்டி, ‘இந்த மாதத்தில் எதுவுமே பூக்கவில்லை, இந்தத் தேனீக்கு எதை நடலாம்’ என்று கேட்டுப் பாருங்கள். ஆர்வமாக உட்கார்ந்து பேசுவார்கள்.

செடி வைத்த பிறகும் அந்த 10 நிமிடக் கணக்கைத் தொடருங்கள், ஐநேச்சுரலிஸ்டில் பதிவும் போடுங்கள். உறுதி செய்யப்பட்ட பதிவுகள், திறந்த உரிமத்தில் இருந்தால், உலக ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஜிபிஐஎஃப் தரவுத்தளத்துக்குப் போய்ச் சேரும். வீடு இருக்கும் இடம் துல்லியமாகத் தெரியவேண்டாம் என்று நினைத்தால், பதிவேற்றும்போதே இருப்பிடத்தை மங்கலாக்கும் வசதி அதில் இருக்கிறது.