தூண்டில் பக்கம்: அஷ்டமி, நவமியில் துறைமுகச் சுவர்

போன இதழில் இங்கிலாந்தின் கென்ட் கரையில், ராம்ஸ்கேட் துறைமுகச் சுவரில் நின்று நவம்பர் இருட்டில் மீன் பிடித்ததைப் பற்றி நாலு வரிதான் எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் லண்டன் தமிழர்களில் பாதிப் பேர் வீட்டில் தூண்டில் ஒளித்து வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம் வாசகர்): அண்ணா, நான் கன்னியாகுமரிப் பக்கம். படிக்க வந்து ஒரு வருஷம் ஆகிறது. ஊரில் பாறையில் நின்று தூண்டில் போட்ட பழக்கம் உண்டு. இங்கே அக்டோபர் முடிந்தால் கடலில் ஒன்றும் இருக்காது, கோடையில் வா என்கிறார்கள். நிஜமா? லைசன்ஸ் எடுக்க வேண்டுமா?

பதில்: லைசன்ஸ் கதையை முதலில் முடித்துவிடுவோம் தம்பி. இங்கிலாந்தில் கரையிலிருந்து கடலில் தூண்டில் போட லைசன்ஸ் தேவையில்லை. ஆறு, ஏரி என்றால்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு துறைமுகமும் தனக்கென்று சட்டம் வைத்திருக்கும், சில இடங்களில் டிக்கெட், சில இடங்களில் ஒரு பக்கம் மட்டும் அனுமதி, அதனால் சுவரின் வாசலில் இருக்கும் போர்டைப் படிக்காமல் உள்ளே போகாதே. இன்னொன்று, பிடித்த மீனை விற்கக் கூடாது. நண்பனுக்குக் கொடு, பக்கத்து வீட்டுக்குக் கொடு, காசு மட்டும் வாங்காதே.

கோடையில் வா என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மேக்கரல் பிடிப்பவர்கள். இறகு கட்டிய முள்ளை வீசி, ஒரே இழுப்பில் நாலைந்து எடுத்துப் பழகியவர்கள். அந்த மீன் குளிர் வந்ததும் கரையை விட்டுப் போய்விடும், அதோடு இவர்களும் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். ஆனால் கடல், தரை மாதிரி சட்டென்று குளிர்ந்துவிடாது. தண்ணீர் சூடேறி முடிவதே ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில்தான். நவம்பரில் காற்று 6, 7 டிகிரிக்கு இறங்கி நம் காது விறைத்துப் போகும் நேரத்திலும் தண்ணீர் 12, 13 டிகிரியில் இருக்கும். அந்த நேரத்தில்தான் ஒயிட்டிங் என்ற மீன் கூட்டமாகக் கரைக்கு வருகிறது. கூடவே டாப், ஃப்ளவுண்டர் என்ற தட்டை மீன்கள், பவுட்டிங், டாக்ஃபிஷ் என்கிற குட்டிச் சுறா. அதிர்ஷ்டம் இருந்தால் போகாமல் மிச்சமிருக்கும் பாஸ் மீன். கோடையில் ஐந்து நிமிஷத்தில் இரையைத் தின்று முடிக்கும் நண்டுகள்கூட குளிரில் கொஞ்சம் சோம்பேறியாகிவிடும். எனக்குக் கேட்டால் வருஷத்தில் நல்ல மாதமே இதுதான்.

கேள்வி (குரோய்டன் வாசகர்): மூன்று சனிக்கிழமை ராம்ஸ்கேட் போனேன் சார். பகல் 11 மணிக்கு உட்கார்ந்து மாலை 4 மணி வரை. ஒரு நண்டு மட்டும் கிடைத்தது. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரர் நான் கிளம்பும்போதுதான் வந்து கம்பை விரித்தார். இரையில் கோளாறா?

பதில்: அவர் வந்த நேரத்தைக் கவனித்தீர்கள் அல்லவா, பதில் அங்கேயே இருக்கிறது. ஒயிட்டிங் வெளிச்சத்தில் கரைக்கு நெருங்க யோசிக்கும் மீன். நவம்பர் நடுவில் அங்கே சூரியன் நாலேகால் வாக்கில் மறைகிறது. சரியாகக் கடை திறக்கும் நேரத்தில் நீங்கள் ரயிலைப் பிடித்திருக்கிறீர்கள்.

இருட்டு பாதிதான், மீதி கடல் ஏற்றம். நான் தூத்துக்குடியில் வளர்ந்தவன். அங்கே ஏற்றத்துக்கும் வற்றுக்கும் நடுவே ஒரு மீட்டர்கூட வித்தியாசம் வராது, அதனால் நேரம் பார்க்கும் பழக்கமே எனக்கு இல்லை. ராம்ஸ்கேட்டில் அமாவாசையை ஒட்டி அது நாலரை மீட்டர் போகும். முதல் முறை போனபோது சுவருக்குக் கீழே வெறும் சேறும் பாசியும் தெரிந்தது, கடல் எங்கே போச்சு என்று நின்றேன். ஏற்றம் உச்சிக்கு வரும் முன் இரண்டு மணி நேரம், வந்த பின் இரண்டு மணி நேரம், இந்த நாலு மணி நேரம்தான் கணக்கு. மற்ற நேரம் பிளாஸ்கில் டீ குடிக்கலாம்.

இனி முக்கியமான விஷயம். ஏற்றம், வற்று நேரம் சொல்லும் அலை அட்டவணை இணையத்தில் கிடைக்கும், சந்தேகமில்லை. ஆனால் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும் என்பது எனக்குத் தெரிய நாலைந்து வருஷம் ஆனது. ராம்ஸ்கேட், டோவர் பக்கம் அமாவாசை, பௌர்ணமி, அதற்கடுத்த இரண்டு நாட்களில் உச்ச ஏற்றம் பகல் பன்னிரண்டை ஒட்டியும், நள்ளிரவை ஒட்டியும் வரும். அப்புறம் நாளுக்குச் சுமார் 50 நிமிஷம் தள்ளிக்கொண்டே போய், அஷ்டமி, நவமி வரும்போது மாலை ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் வந்து நிற்கும். சூரியன் நாலேகாலுக்கு மறைகிறது, ஏற்றம் ஆறுக்கு உச்சம். இதைவிட என்ன வேண்டும்? எட்டு மணிக்குப் பெட்டியைக் கட்டினால் கடைசி ரயிலுக்குப் பயப்படாமல் வீட்டுக்கு வந்து தோசை சாப்பிடலாம். அம்மா உயிரோடு இருந்தவரை அஷ்டமி நவமியில் ஒரு நல்ல காரியம் தொடங்க விட மாட்டார், நான் இப்போது அந்த இரண்டு நாளைத்தான் காலண்டரில் வட்டமிட்டு வைக்கிறேன்.

அந்த நாட்களில் தண்ணீர் ஓட்டம் மந்தமாக இருக்கும், தூண்டிலில் எடைக்குக் கட்டும் ஈயம் அடித்துக்கொண்டு போகாது, புதிதாகப் பழகுபவருக்கு அதுவும் நல்லது. அமாவாசைக் கடலில் இழுப்பு பலம், மீனும் கூடுதலாக வரும் என்பார்கள், ஆனால் அதற்கு நடுராத்திரியில் சுவரில் நிற்க வேண்டும். இந்தக் கணக்கு கென்ட் கரையின் இந்தப் பகுதிக்கு மட்டும். பிரிஸ்டல் பக்கமோ யார்க்ஷர் பக்கமோ போனால் நேரம் முழுக்க மாறிவிடும், அங்கே அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் அமைந்தும் காற்று அமையாமல் போகலாம். இரண்டு நாள் பலமாக அடித்து ஓய்ந்த கடல், தண்ணீர் டீ நிறத்தில் கலங்கிக் கிடந்தால், அன்றைக்கு லீவு போடுங்கள். அலை அடிமண்ணைக் கிளறிப் புழுவையும் சிப்பியையும் வெளியே தள்ளியிருக்கும், மீன் பந்திக்கு வருவது போல வரும்.

கேள்வி (ஹேய்ஸ் வாசகர்): எவ்வளவு தூரம் வீச வேண்டும்? 12 அடிக் கம்பு வாங்கியிருக்கிறேன். 100 மீட்டர் போகவில்லை.

பதில்: போகவே வேண்டாம். துறைமுகச் சுவர் கட்டியதே ஆழமான தண்ணீருக்குள்தான். கடற்கரை மணலில் நிற்பவன் எட்டி வீச வேண்டிய ஆழம் உங்கள் காலடியில் இருக்கிறது. இருபது, முப்பது மீட்டர் போதும். சுவரோரப் பாசியில் இரை தேடும் மீனைத் தாண்டி வீசிவிட்டு, மீன் இல்லை என்று புலம்பும் ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் அதில் ஒருவனாக இருந்தேன்.

வீச்சைவிட நான் பயப்படுவது தூண்டில் நரம்பைப் பற்றி. 15 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நரம்பில் 5 அவுன்ஸ் ஈயம், அதாவது சுமார் 140 கிராம், கட்டி முழு வேகத்தில் சுழற்றும்போது நரம்பு அறுந்தால் அந்த ஈயம் துப்பாக்கிக் குண்டுக்குச் சமானம். சுவரில் உங்கள் பின்னால் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு யாராவது நடந்துகொண்டிருப்பார்கள். அதனால் முன்பக்கம் தடித்த நரம்பு ஒரு துண்டு கட்டாயம் வேண்டும். ஈயத்தின் ஒவ்வொரு அவுன்ஸுக்கும் பத்து பவுண்டு என்பது கணக்கு, 5 அவுன்ஸுக்கு 50 வேண்டும், நான் 60 போடுகிறேன். வீசத் தயாராக ஈயம் தொங்கும் நிலையிலும் ரீலில் அந்தத் தடித்த நரம்பு ஏழெட்டுச் சுற்று இருக்க வேண்டும். ஈயம் நாலு கம்பிக்கால் உள்ளதாக இருந்தால் ஓட்டத்தில் தரையைப் பிடித்துக்கொள்ளும். முள் 1 அல்லது 2 நம்பர், நீண்ட காம்பு. ஒயிட்டிங் இரையைத் தொண்டை வரை விழுங்கும், காம்பு குட்டையாக இருந்தால் இருட்டில் கழற்ற முடியாமல் திண்டாடுவீர்கள்.

இரைக்கு லக் புழு, நுனியில் விரல் நீளக் கணவாய்த் துண்டு. புழு மணத்துக்கு, கணவாய் முள்ளில் நிற்பதற்கு. புழுப் பொட்டலத்தை ஃப்ரிட்ஜில் வைப்பதாக இருந்தால் வீட்டில் சொல்லிவிட்டு வையுங்கள். நான் சொல்லாமல் வைத்தேன்.

ஒன்று விட்டுவிட்டேன். சுவர் உயரமானது, இரண்டு கிலோ மீனை நரம்பில் தொங்கவிட்டுத் தூக்கினால் பாதியில் அறுந்துவிடலாம். கயிற்றில் இறக்கும் வளைய வலை ஒன்று வாங்குங்கள். இது என் காசில் கற்றது. நல்ல பாஸ் ஒன்று, சுவரின் பாதி உயரம் வரை வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

கேள்வி (ராமநாதபுரம் வாசகர்): ஒயிட்டிங் என்றால் நம் ஊர்க் கிழங்கான் மீன்தானே?

பதில்: இல்லை. கிழங்கானையும் ஆங்கிலத்தில் ஒயிட்டிங் என்று சொல்வதால் வந்த குழப்பம். இது காட் மீனின் சொந்தக்காரன், கிழங்கானுக்கும் இதற்கும் உறவே இல்லை. இதே மாதிரி இங்குள்ள பாஸ் நம் கொடுவா இல்லை. ருசியில் கிழங்கானுக்குத்தான் என் ஓட்டு.

கேள்வி (ஹாரோ வாசகி): என் கணவர் உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு ராத்திரி தனியாகப் போக ஆரம்பித்திருக்கிறார். எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஆபத்தில்லை என்று எழுதுங்கள் ஐயா.

பதில்: அப்படி எழுத மாட்டேன் அம்மா. தனியாகப் போக வேண்டாம் என்று நான் சொன்னதாக அவரிடம் சொல்லுங்கள்.

பயப்பட வேண்டியது பெரிய புயலுக்கு அல்ல, புயலன்று யாரும் போவதில்லை. காற்று ஓய்ந்து வானம் தெளிந்த ராத்திரியிலும், தூரத்தில் கிளம்பிய அலை ஒன்று திடீரென்று சுவரைத் தாண்டி விழும். அதனால் போனதும் கம்பை விரிக்கக் கூடாது, பதினைந்து நிமிஷம் சும்மா நின்று கடலைப் பார்க்க வேண்டும். சுவரின் மேல்பக்கம் நனைந்திருந்தால் அங்கே அலை ஏறியிருக்கிறது என்று அர்த்தம், மழை பெய்யாத நாளாக இருந்தால் திரும்பிவிட வேண்டியதுதான். படிக்கட்டுகளில் இறங்கவே கூடாது. ஏற்றத்தில் மூழ்கி வற்றில் வெளியே வரும் படியில் பச்சைப் பாசி, எண்ணெய் தடவியது போல இருக்கும். மீனை எடுக்கிறேன் என்று நான் ஒருமுறை மூன்று படி இறங்கி, உட்கார்ந்த வாக்கில் வழுக்கி, கைப்பிடிச் சங்கிலி இருந்ததால் இன்று உங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

தானாக ஊதிக்கொள்ளும் லைஃப் ஜாக்கெட் விற்கிறது, பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுங்கள். தலையில் கட்டும் விளக்கு, கூட ஒரு உதிரி விளக்கு. தண்ணீரில் விழுந்தால் குளிரில் மூச்சு தாறுமாறாக வாங்கும், அந்த முதல் நிமிஷத்தில் நீந்தப் போனால் தண்ணீர் குடித்துவிடுவார். மல்லாந்து மிதந்து மூச்சு சீராகும் வரை காத்திருக்க வேண்டும். வேறு யாராவது விழுந்தால் பின்னால் குதிக்கக் கூடாது, 999 அழைத்து கோஸ்ட்கார்ட் என்று கேட்க வேண்டும். வரும் படகு பெரும்பாலும் ஆர்.என்.எல்.ஐ.யுடையது, 1824-லிருந்து நன்கொடையில் ஓடும் அமைப்பு, அதில் ஏறி வருபவர்களில் பெரும்பாலோர் சம்பளமில்லாத தொண்டர்கள். உங்கள் கணவர் போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதி வைத்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகி, இப்போது லூயிஷம்): மகன் கொண்டுவந்த ஒயிட்டிங்கைப் பொரித்தேன், சட்டியில் உதிர்ந்து போய்விட்டது. எப்படிச் சமைக்கிறது?

பதில்: அக்கா, சதை மெதுவான மீன் அது, பொரியலுக்கு அடம் பிடிக்காதீர்கள். பிடித்த இடத்திலேயே குடலை எடுக்கச் சொல்லுங்கள், வீட்டுக்கு வரும் வரை விட்டால் இன்னும் குழைந்துவிடும். உப்புத் தடவி அரை மணி நேரம் வைத்துக் கழுவினால் சதை கொஞ்சம் இறுகும். அப்புறம் உங்கள் சொதிக்கு அருமையாக இருக்கும். எங்கள் வீட்டில் அவித்து உதிர்த்து, வெங்காயம் பச்சைமிளகாய் நிறையப் போட்டுச் சுறாப்புட்டு மாதிரி செய்கிறோம். வயிற்றுப் பக்கம் மெல்லிய புழு சுருண்டு இருக்கலாம், இந்தக் குடும்ப மீன்களில் சகஜம், எடுத்துப் போட்டுவிட்டு நன்றாக வேகவைத்தால் போதும்.

மகனிடம் ஒரு அளவுகோல் கொடுத்தனுப்புங்கள். ஒயிட்டிங் 27 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் திரும்பக் கடலில் விட வேண்டும். பாஸ் 42. பாஸுக்கு ஒரு நாளைக்கு இத்தனை, இன்ன மாதம் எடுக்கவே கூடாது என்ற விதியும் உண்டு, அது அடிக்கடி மாறுவதால் போகும் முன் அரசு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

கேள்வி (வெம்பிளி வாசகர்): குளிர்காலம் என்றால் பெரிய காட் வரும் என்று பழைய ஆட்கள் சொல்கிறார்களே. சுவரிலிருந்து கிடைக்குமா?

பதில்: அவர்கள் சொல்வது பொய்யில்லை, அவர்கள் காலத்தில் வந்தது. காட் குளிர்ந்த தண்ணீர் மீன். தெற்கே கடல் சூடாகிக்கொண்டு வருகிறது, போதாக்குறைக்குப் பல காலமாக அளவுக்கு மீறிப் பிடித்தும் விட்டார்கள். கென்ட் கரையில் அதை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். கடைசி மூன்று குளிர்காலத்தில் எனக்கு மாட்டியது ஒன்றே ஒன்று. சட்டம் கேட்பது 35 சென்டிமீட்டர், அது 33. இரண்டு தரம் அளந்து பார்த்துவிட்டு, வலையில் வைத்தே கீழே இறக்கிவிட்டேன்.