ஒப்பந்தத்தை எப்போது முறிக்கலாம்? சிவிலைசேஷன் கேள்வி பதில்

நாடுகளை ஆண்டு வளர்க்கும் கணினி விளையாட்டான சிவிலைசேஷனின் 4, 5 ஆகிய இரு பதிப்புகளிலும் ஒப்பந்த விதிகள் வேறு வேறு. எனவே எந்தப் பதிப்பை ஆடுகிறீர்கள் என்பதை முதலில் குறிப்பிடுங்கள்.

கேள்வி (சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா): அண்ணா, நான்காம் பதிப்பில் பக்கத்து நாட்டுக்குச் செம்பு கொடுத்தேன். இப்போது நிறுத்த வழி தெரியவில்லை.

பதில்: தம்பி, ஒப்பந்தம் ஏற்பட்டு 10 சுற்றுகள் முடியும்வரை அதை ரத்துச் செய்ய முடியாது. அதன் பிறகு அந்நாட்டுத் தலைவரின் வணிகத் திரையைத் திறந்தால், நடப்பிலுள்ள ஒப்பந்தங்கள் நடுவில் தெரியும்; வேண்டாததைச் சொடுக்கி முறித்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் அனுப்பிய செம்பைக் கொண்டு அவர் ஏற்கெனவே உருவாக்கிய கோடரி வீரர்கள் மறைந்துவிட மாட்டார்கள். புதிய வீரர்களை உருவாக்கும் வழிதான் அடைபடும். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் நுழைய இடம்தரும் ஓப்பன் பார்டர்ஸ் ஒப்பந்தத்தையும் சேர்த்து முறிப்பதாக இருந்தால், அந்நாட்டு நகரங்களோடு உங்களுக்கிருந்த வணிகப் பாதைகள் அறுந்து அதே சுற்றில் வருவாய் குறையும், அங்கே நிற்கும் உங்கள் படைகளும் எல்லைக்கு வெளியே தள்ளப்படும். எதை முறிக்கும் முன்னும் உங்கள் பக்கம் வந்துகொண்டிருப்பது என்னவென்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): ஐந்தாம் பதிப்பில் இன்னொரு நாட்டுக்குப் பட்டு விற்றேன். வாங்கியவர் என் எல்லையில் படை குவிக்கிறார். ஒப்பந்தத்தை எப்படி ரத்துச் செய்வது?

பதில்: வழக்கமான வேகத்தில் அது 30 சுற்றுகள் நீடிக்கும், இடையில் ரத்துச் செய்யும் பொத்தான் கிடையாது. பட்டு விளையும் இடம் சூறையாடப்பட்டு அந்தப் பொருள் உங்கள் கையை விட்டுப் போனால் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடும். மற்றபடி போர்தான் வழி. போர் மூண்டதும் அவரிடமிருந்து நீங்கள் வாங்கும் ஆடம்பரப் பொருளும் நின்றுபோகும். அது உங்களிடம் வேறு வழியில் இல்லாத பொருளானால் 4 மகிழ்ச்சிப் புள்ளிகள் போய்விடும். உங்கள் பக்கம் வருவது என்னவென்று எண்ணிப் பாருங்கள் என்பதை இங்கும் சொல்கிறேன்.

கேள்வி (வெருலம்): ஐந்தாம் பதிப்பில் போர் இல்லாமல் ரத்துச் செய்ய முடியாதா?

பதில்: முடியாது. மேலே உள்ள பதிலைப் பாருங்கள்.

கேள்வி (மெரிபேங்க்): ஐந்தாம் பதிப்பில் பொருளை விற்று, அதற்கான தங்கம் முழுவதையும் ஒரே தடவையில் மொத்தமாக வாங்கிக்கொண்டு மறுசுற்றே போர் அறிவித்தால்?

பதில்: முன்பு பலர் அப்படித்தான் செய்தார்கள். பின்னர் வந்த மேம்படுத்தலில், நட்பு அறிவித்தவரிடம் மட்டுமே மொத்தத் தங்கம் பெறலாம் என்று மாற்றினார்கள். நண்பரைத் தாக்கினால் துரோகி என்ற பெயர் மற்ற தலைவர்களிடமும் ஆட்டம் முழுக்க உங்களைத் தொடரும். செய்யாதீர்கள்.

கேள்வி (லெனேசியா): கோபத்துக்காக எந்த நாடும் லாபம் தரும் வணிகத்தைத் தானே நிறுத்தாது. ஆட்டத்தில் கணினி இயக்கும் தலைவர்கள் அப்படி நடப்பது வெறும் கற்பனை.

பதில்: தென்னாப்பிரிக்காவில் இருந்துகொண்டு இதைக் கேட்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. 1946இல், இங்கே இந்திய வம்சாவளியினரான நம்மவர்களின் நிலவுரிமையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வரவிருந்தபோது, இந்தியா முன்னறிவிப்புக் கொடுத்து நம் நாட்டுடனான வணிக ஒப்பந்தத்தை முறித்தது. தன் ஹைகமிஷனரையும் (தூதரையும்) திரும்ப அழைத்துக்கொண்டது. தொடர்ந்து விதித்த வணிகத் தடை 1993 வரை நீடித்தது. நட்டம் தெரிந்தே எடுத்த முடிவு அது.

மறுப்பு (பீட்டர்மரிட்ஸ்பர்க்): அந்தச் சட்டம் அப்படியும் நிறைவேறிவிட்டதே, ஐயா. அப்படியானால் முறித்ததில் என்ன பயன்?

பதில்: உண்மை, சட்டம் நிறைவேறியது. ஆனால் பிரச்சினை அதே ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபைக்குச் சென்றது. அதற்குப் பிறகு தென்னாப்பிரிக்க அரசால் அதை உள்நாட்டு விவகாரம் என்று மூடி வைக்க முடியவில்லை. நான்காம் பதிப்பும் இதே நுணுக்கத்தைப் பிடித்திருக்கிறது என்பது என் கருத்து. "அவரோடு வணிகத்தை நிறுத்து" என்று ஒருவர் கேட்கும்போது நீங்கள் மறுத்தால் கேட்டவரின் மனக்கசப்பு ஏறும். சம்மதித்தால், கைவிடப்பட்டவர் அதைக் கணக்கில் வைத்துக்கொள்வார். ஆக, ரத்து என்பது எதிராளியின் செயலை மாற்றாவிட்டாலும், சுற்றியிருப்பவர்கள் உங்களை எங்கே நிறுத்துகிறார்கள் என்பதை மாற்றிவிடுகிறது.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): ஐந்தாம் பதிப்பில் ரத்து பொத்தான் எங்கே இருக்கிறது?

பதில்: இல்லை. ஃபீனிக்ஸ் நண்பருக்குச் சொன்ன பதிலைப் படித்துவிட்டு வாருங்கள்.

கேள்வி (டர்பன்): யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4 என்ற வேறு ஆட்டத்தில் கூட்டணியை முறிப்பது பற்றிச் சொல்வீர்களா?

பதில்: அது என் துறை அன்று. அதை ஆழமாக ஆடுபவரிடம் கேளுங்கள்.

கேள்வி (டொங்காட்): நான்காம் பதிப்பில் தற்காப்பு ஒப்பந்தம் வைத்திருக்கிறேன். வேறொருவர் மீது நானே போர் தொடுத்தால் அது நிலைக்குமா?

பதில்: நிலைக்காது, அக்கா. போரை அறிவிப்பவர் நீங்களானால் உங்கள் தற்காப்பு ஒப்பந்தங்கள் அனைத்தும் அந்தக் கணமே ரத்தாகிவிடும். துணைக்கு யாரும் வரமாட்டார்கள். மற்றவர் உங்களைத் தாக்கினால்தான் அது உங்களுக்கு உதவும்.