ஹெர்ப் புரூக்ஸுக்கு அதிர்ஷ்டமா?

கேள்வி: 1980 ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கல்லூரிப் பையன்கள் சோவியத் ஐஸ் ஹாக்கி அணியைத் தோற்கடித்ததை இன்னமும் ‘அதிசயம்’ என்று கொண்டாடுகிறார்கள். அந்த அணியின் கோச் ஹெர்ப் புரூக்ஸ், என்.எச்.எல். என்கிற வட அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. குருட்டு அதிர்ஷ்டத்துக்கு இவ்வளவு பெருமையா?

பதில்: அதிர்ஷ்டமா? அந்த மனிதருக்கு அது வாய்த்த லட்சணத்தைக் கேளுங்கள். 1960 ஒலிம்பிக் அணியில் புரூக்ஸ் இருந்தார். அணிப் புகைப்படமும் எடுத்தாயிற்று. போட்டி நெருங்கிய நேரத்தில் பாப் கிளியரி என்ற ஆட்டக்காரரைச் சேர்ப்பதற்காக இவரைக் கழற்றிவிட்டார்கள். படத்தில் இவர் உடம்பின்மேல் கிளியரியின் தலையை வெட்டி ஒட்டினார்கள். அந்த அணி தங்கம் வாங்கியது. சொந்த ஊரான செயின்ட் பாலில், வீட்டில் உட்கார்ந்து பார்த்தார் புரூக்ஸ். ‘சரியான ஆளைத்தான் நீக்கியிருக்கிறார்கள்’ என்றாராம் பக்கத்தில் இருந்த அப்பா. அப்புறம் 1964, 1968 இரண்டிலும் ஆடினார். பதக்கம் கிடைக்கவில்லை.

என்.எச்.எல். ஆடாதது ஒரு குறையே அல்ல. அன்று அது கனடாக்காரர்களின் கோட்டை. அமெரிக்கர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உளவியல் படித்த புரூக்ஸ், 1972இல் தான் ஆடிய மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்கே கோச்சாக வந்தார். லீகில் கடைசி இடத்தில் கிடந்த அணி அது. பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்களை வைத்துக்கொண்டே 1974, 1976, 1979 என்று ஏழு வருடத்தில் மூன்று தேசியக் கல்லூரிப் பட்டங்களை வென்றார். 1980இன் 20 பேரில் 9 பேர் இவரிடம் கல்லூரியில் ஆடியவர்கள். 4 பேர் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள். 1976 அரையிறுதியில் இந்த இரண்டு கல்லூரிகளும் பனிக்களத்திலேயே கட்டிப் புரண்டு அடித்துக்கொண்டவை! அந்தப் பகையைத் தீர்க்க அவர் செய்த வழி, எல்லோரும் தன்னையே வெறுக்கும்படி நடந்துகொண்டது. கொடூரம்தான், மறுக்கவில்லை. ஒலிம்பிக்குக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் ஒன்று நார்வேயோடு 3-3 என்று சமன் ஆனதும் யாரையும் உடைமாற்றும் அறைக்கு விடவில்லை. நீலக்கோடு வரை ஓடித் திரும்பு, நடுக்கோடு வரை ஓடித் திரும்பு, எதிர்முனை வரை ஓடித் திரும்பு. அரங்கத்தில் விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் ஓட்டம் நிற்கவில்லை.

அந்த ஓட்டம் எங்கே பலித்தது என்று பாருங்கள். ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன்பு இதே சோவியத் அணியிடம் 10-3 என்று உதை வாங்கிய பையன்கள், பிப்ரவரி 22 அன்று ஒலிம்பிக் நடந்த லேக் பிளாசிடில், ஆட்டத்தின் மூன்று பகுதிகளில் இரண்டு முடிந்தபோது 2-3 என்று பின்தங்கியிருந்தார்கள். கடைசி 20 நிமிடத்தில் இரண்டு கோல் அடித்து 4-3 என்று ஜெயித்தார்கள். தங்கம் அதோடு வந்துவிடவில்லை. 24ஆம் தேதி ஃபின்லாந்திடமும் பின்தங்கி, கடைசிப் பகுதியில் மூன்று கோல் போட்டுத்தான் 4-2 என்று வாங்கினார்கள். எதிராளிக்கு மூச்சு வாங்கும் நேரத்தில் இவர்கள் கால்கள் ஓடின. இதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைப்பது அந்தப் பையன்களுக்கும் அநியாயம்.

நியூயார்க் ரேஞ்சர்ஸ் என்ற என்.எச்.எல். அணிக்கும் கோச்சாக இருந்துவிட்டு, 1986இல் மறுபடி கல்லூரிக்கே வந்தார். செயின்ட் கிளவுட் ஸ்டேட், கல்லூரிப் போட்டிகளின் மூன்றாம் பிரிவில் ஆடிய சின்ன அணி. இருந்தது ஒரே சீசன். அந்தப் பிரிவில் தேசிய அளவில் மூன்றாம் இடம், மறு வருடமே முதல் பிரிவு. அங்கே உள்ள அரங்கத்துக்கு இன்று அவர் பெயர்தான்.