மைனஸ் 17 டிகிரியில் மாரத்தான்: வேலூர் ஓட்டக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

நம் குழுவில் யாரோ ஜப்பான் மாரத்தான் ஓட்டக்காரர் யூகி கவாவுச்சியின் கதையைப் போட்டுவிட, இரண்டு நாளாகக் கேள்வி மேல் கேள்வி. ராணுவத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தபோது பனிப்பிரதேசத்தில் பிள்ளைகளை ஓடவிட்டவன் என்பதால், பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு தம்பி: மாஸ்டர், மைனஸ் 17-இல் ஒரு மனுஷன் 42 கிலோமீட்டர் ஓடியது நிஜமா? உறைந்து போக மாட்டாரா?

நிஜம்தான் தம்பி. 2018 ஜனவரி 1, அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மார்ஷ்ஃபீல்ட் ஊர். அந்தக் குளிரில் கவாவுச்சி 2 மணி 18 நிமிடம் 59 விநாடியில் முடித்தார். அப்போது அவர் முழுநேர ஓட்டக்காரர்கூட இல்லை. ஜப்பானில் சைத்தாமா மாகாணத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் அரசு ஊழியர்.

ஏன் உறையவில்லை? கணக்குப் போட்டுப் பார். ஒரு கிலோ எடை ஒரு கிலோமீட்டர் ஓட, சுமாராக ஒரு கிலோகலோரி செலவு. 60 கிலோ ஆள் மணிக்கு 20 கிலோமீட்டர் ஓடினால் மணிக்கு 1,200 கிலோகலோரி. அதில் ஓட்டத்துக்குப் போவது கால்வாசிதான். மீதி முக்கால்வாசி வெறும் சூடு, கிட்டத்தட்ட 1,000 வாட். உன் வீட்டு அயர்ன் பாக்ஸை உடம்புக்குள் போட்டுவிட்ட மாதிரி. வேலூரில் நாம் படும் பாடே இந்தச் சூட்டை வெளியேற்றத்தான். முன்வரிசை மாரத்தான்காரர்களுக்கு 5 முதல் 10 டிகிரிதான் தோதான வானிலை. நமக்கு ஸ்வெட்டர், மஃப்ளர் எல்லாம் வேண்டியிருக்கும் குளிரில் அவர்கள் அரைக்கால் சட்டையோடு நிற்பது இதனால்தான்.

ஆனால் இந்த அடுப்பு எரிவது வேகம் இருக்கும்வரைதான். மணிக்கு 10 கிலோமீட்டருக்கு இறங்கினால் சூடும் பாதியாகிவிடும். தொடைத் தசை குளிர்ந்தால் மெதுவாகத்தான் சுருங்கும்; அதனால் வேகம் இன்னும் குறையும், உடம்பு இன்னும் குளிரும். குளிர்ப் பந்தயத்தில் ஆளைச் சாய்ப்பது இந்தச் சுழல்தான். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுவே பதில்.

தோட்டப்பாளையத்திலிருந்து நர்சிங் படிக்கும் தங்கை: பெரிய பெரிய ஓட்டக்காரர்களே குளிரில் பாதியில் விலகியிருக்கிறார்களாமே சார்?

2018 ஏப்ரல் 16, பாஸ்டன் மாரத்தான். வெப்பநிலை பூஜ்ஜியத்துக்கு மேலேதான், மூன்று நான்கு டிகிரி. மார்ஷ்ஃபீல்டோடு பார்த்தால் வெயில் என்றே சொல்லலாம்! ஆனால் கொட்டும் மழை, முகத்தில் அறையும் எதிர்க்காற்று. முன்னணி வீரர்கள் வரிசையாக விலகினார்கள்.

காரணம் ஈரம். உலர்ந்த காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். நனைந்த பனியனோடு காற்றும் சேர்ந்தால் நான் சொன்ன அடுப்பு தோற்றுவிடும். ஒல்லியான, கொழுப்பே இல்லாத உடல்வாகு வெயிலில் வரம். அந்த மாதிரி நாளில் அதுவே பாரம். விரல் மரத்துப்போனால், ஓடும்போது சாப்பிடும் சர்க்கரை ஜெல் பாக்கெட்டைக்கூடப் பிரிக்க முடியாது. சர்க்கரை உள்ளே போகாது, வேகம் விழும், மறுபடி அதே சுழல்.

பெண்களில் டெஸ் லிண்டன் 2 மணி 39 நிமிடம் 54 விநாடியில் ஜெயித்தார். 1978-க்குப் பிறகு அங்கே இவ்வளவு மெதுவான வெற்றி நேரம் கிடையாது. ஆரம்பத்தில் அவரே விலகிவிடலாமா என்று யோசித்தவர்தான். சக ஓட்டக்காரி ஷலேன் ஃப்ளானகன் கழிப்பறைக்கு ஒதுங்கியபோது, அவரைக் கூட்டத்தோடு சேர்த்துவிட வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். உனக்குப் பிடிக்கும் சேதி ஒன்று: இரண்டாவதாக வந்த சாரா செல்லர்ஸ் உன் தொழில்காரர். மயக்க மருந்துப் பிரிவில் செவிலியர்.

ஆண்களில் ஜெயித்தது யார்? அதே கவாவுச்சி, 2 மணி 15 நிமிடம் 58 விநாடி. முந்தைய ஆண்டு ஜெயித்த கென்யாவின் ஜெஃப்ரி கிருய்யைக் கடைசிக் கட்டத்தில் பிடித்துத் தாண்டினார். தனக்கு இதைவிட நல்ல வானிலை கிடையாது என்ற பொருளில் பிறகு பேசினார். மழையில் ஓடிப் பழகாதவர் வாயில் இந்தப் பேச்சு வராது.

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா: பையனுக்குக் கொஞ்சம் வீசிங் உண்டு. கனடாவில் படிக்கிறான், பனியில் ஓடுகிறானாம். நுரையீரல் உறைந்துவிடுமா?

உறையாதும்மா. மூக்கும் தொண்டையும் தாண்டி நுரையீரலுக்குப் போவதற்குள் காற்று சூடாகிவிடும். தொல்லை கொடுப்பது வறட்சி. குளிர்காற்றில் ஈரப்பதம் இருக்காது. வேகமாக மூச்சு வாங்கும்போது சுவாசக்குழாயின் ஈரத்தை உறிஞ்சிவிடும். அதனால் குழாய் சுருங்கி, இருமலும் இழுப்பும் வரும். வீசிங் இல்லாத பனிச்சறுக்கு வீரர்களுக்கே இது வருவதுண்டு. அவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு மைனஸ் 20-ஐப் போட்டிக்கு எல்லையாக வைத்திருக்கிறது. வாயை மூடித் துணி கட்டிக்கொண்டு ஓடச் சொல்லுங்கள், விடும் மூச்சின் ஈரம் துணியில் தங்கி அடுத்த மூச்சை நனைக்கும். மெதுவாக ஆரம்பித்து உடம்பைச் சூடாக்கட்டும். இன்ஹேலரை எப்போது எடுப்பது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

ஆரணியிலிருந்து: தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு ஓடினால் குளிர் தாங்குமா?

24 டிகிரிக்குக் கீழே போனாலே அது கட்டியாகிவிடும் ஐயா, மார்கழியில் உங்கள் வீட்டு பாட்டிலைப் பாருங்கள். மழையில் தண்ணீர் ஒட்டாமல் வழிய, சிலர் காலில் கொழுப்புக் களிம்பு பூசுவது உண்டு. ஆனால் முகத்தில் களிம்பு அப்பினால் பனிக்கடி (குளிரில் தோல் உறைந்து பாழாவது) வராது என்பது தப்பான நம்பிக்கை. பின்லாந்து படைவீரர்களிடம் செய்த ஆய்வுகளில் அது காப்பாற்றவில்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை செய்பவர்: நாங்கள் ஒட்டும் சோல் அந்தக் குளிரைத் தாங்குமா அண்ணா?

எந்தச் சரக்கு என்பதைப் பொறுத்தது. சாதாரண ஈ.வி.ஏ. நுரை கடுங்குளிரில் விறைத்துக் கட்டையாகிவிடும், கால் வைத்தால் 'டக் டக்' என்று தரை தெரியும். பந்தய ஷூக்களில் வரும் பெபாக்ஸ் வகை நுரை குளிரிலும் துள்ளலை அவ்வளவாக இழக்காது; பனிச்சறுக்கு பூட்ஸுக்கே அந்தச் சரக்கைப் பயன்படுத்துகிறார்கள். ஓடப்போகும்வரை ஷூவை வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பது நல்லது. சாலையில் பனிக்கட்டி படிந்திருந்தால் எந்த விலை ஷூவும் வழுக்கும், ஆணி வைத்த அடிதான் வேண்டும்.

வாணியம்பாடியிலிருந்து: ஏலகிரியில் பயிற்சி எடுத்தால் குளிருக்குப் பழகுமா?

மேடேறக் கால் பழகும். குளிருக்கு, இல்லை.

கம்மவான்பேட்டையிலிருந்து, லடாக் போஸ்டிங் வந்திருக்கும் ஜவான்: அங்கே தினம் ஓடணும் மாஸ்டர். என்ன பார்த்துக்கணும்?

ராணுவப்பேட்டைக்காரனுக்கு நான் சொல்லிக் கொடுப்பதா! இருந்தாலும் சொல்கிறேன்.

லடாக்கின் லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரம். முதல் சில நாள் ஓட்டத்தை மறந்துவிடு, உயரத்துக்கு உடம்பு பழகட்டும். காற்று மெலிந்த இடத்தில் வேகமாக ஓட முடியாது; வேகம் இல்லாவிட்டால் சூடும் இல்லை. சமவெளியில் மைனஸ் 10-ஐ அனாயாசமாகத் தாங்குபவன் அங்கே நடுங்குவது இதனால்தான். 2023 பிப்ரவரியில் உறைந்த பாங்காங் ஏரி மேல் 13,862 அடி உயரத்தில் அரை மாரத்தான் நடத்தினார்கள். ரஷ்யாவின் ஒய்மியாகோனில் 2022 ஜனவரியில் மைனஸ் 53-இல் நடந்த மாரத்தானில் முதலில் வந்தவருக்கு 3 மணி 22 நிமிடம் ஆனது. கனத்த உடுப்போடு அதற்குமேல் கால் நகராது.

காற்றைக் கவனி. நீ ஓடுவதே ஒரு காற்று. மைனஸ் 17-இல் மணிக்கு 20 கிலோமீட்டர் ஓடினால், காற்று பட்டால் குளிர் எவ்வளவு கூடித் தெரியும் என்ற கணக்குப்படி தோலுக்கு மைனஸ் 27-க்குப் பக்கத்தில் தெரியும். அந்த அளவிலிருந்து அரை மணிக்குள் திறந்த தோலில் பனிக்கடி வரலாம் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவர்களின் எச்சரிக்கை. அதனால் போகும்போது எதிர்க்காற்றில் போ, வியர்த்துத் திரும்பும்போது காற்று முதுகில் இருக்கட்டும். மாற்றிச் செய்தால் நனைந்த நெஞ்சில் காற்று வாங்கித் திரும்புவாய்.

நம்மூர்ப் பருத்தி பனியனை ஊரிலேயே விட்டுவிட்டுப் போ, வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை, வெளியே காற்றுத் தடுப்பு. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் துணி அதிகம் என்று அர்த்தம். தனித்தனி விரல் உறையைவிட நாலு விரலும் ஒன்றாகப் போகும் உறை மேல். குளிரில் தாகம் தெரியாது, சிறுநீர் மட்டும் அதிகம் போகும்; வெதுவெதுப்பான தண்ணீரை வலுக்கட்டாயமாகக் குடி.

காது மடல், மூக்கு நுனி, விரல் வெளுத்து உணர்ச்சி போனால் பனியைத் தேய்க்காதே, நெருப்பில் காட்டாதே. 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வை, அதுவும் மறுபடி உறையாது என்று உறுதியான இடத்தில் மட்டும். உருகி மறுபடி உறைந்தால் முதல் தடவையைவிட மோசம். ஓட்டம் முடிந்ததும் நின்று கதை பேசாதே, ஐந்தே நிமிடத்தில் உலர்ந்த உடுப்புக்கு மாறு. போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடு.