நால்வர் திரும்பினர், ஐந்தாமவர் இல்லை

கேள்வி: 2022-இல் இறுதி ஆட்டம் வரை சென்ற வட கரோலினா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி, ஏறக்குறைய அதே வீரர்களை வைத்துக்கொண்டு, மறு ஆண்டு தேசியத் தொடருக்கே தேர்வாகாமல் போனது ஏன்? புகழ் தலைக்கேறிவிட்டது என்கிறார்கள் நண்பர்கள். தேசியத் தொடரில் இடம் கிடைக்காத அணிகளுக்கான இரண்டாம் நிலைத் தொடரிலும் ஆடப்போவதில்லை என்று அணி அறிவித்தது சரிதானா?
– ஒரு வாசகர், ராலே, வட கரோலினா

பதில்: தலைக்கனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது அந்த இளைஞர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். அரையிறுதியில் டியூக்கை 81-77 என்று வென்று, இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் கான்சஸைவிட 15 புள்ளிகள் முன்னிலை பெற்றிருந்தும் 69-72 என்று கோப்பையைப் பறிகொடுத்த அணி அது. முதலில் களமிறங்கும் ஐவரில் ஆர்மாண்டோ பேகாட், கேலப் லவ், ஆர்.ஜே. டேவிஸ், லீக்கி பிளாக் ஆகிய நால்வரும் திரும்பி வந்ததால், 2022-23 பருவம் தொடங்கும் முன்பே தேசியத் தரவரிசையில் அதற்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள். ஐந்தாமவரான பிரேடி மேனெக் படிப்பை முடித்துச் சென்றதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மேனெக் தொலைவிலிருந்து எறியும் மூன்று புள்ளிப் பந்துகளில் நூற்றுக்கு நாற்பது வளையத்துக்குள் விழும். வளையத்துக்கு முதுகைக் காட்டியபடி பேகாட் பந்தை வாங்கும்போது, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்கும் மேனெக்கை மறிக்கும் எதிரணி வீரர் அவரை விட்டு ஓரடி நகரவும் அஞ்சுவார். அதனால் பேகாட்டுக்குத் திரும்பி எறிய இடம் கிடைத்தது. அந்த அச்சம் நீங்கியதும் எதிரணியினர் இருவர் மூவராக உள்ளே இறங்கிப் பேகாட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் வெளியே தள்ளிய பந்தை மற்றவர்கள் எறிந்தார்கள். ஆனால் லவ் எறிந்த மூன்று புள்ளிப் பந்துகளில் மூன்றில் ஒன்றுகூட விழவில்லை. மேனெக்கின் இடத்துக்கு நார்த்வெஸ்டர்னிலிருந்து வந்த பீட் நான்ஸ் நல்ல வீரர்தான் என்றாலும், எதிரணியை வெளியே இழுத்து நிறுத்தும் எறிதல் அவரிடம் இல்லை.

நவம்பர் இறுதியில் போர்ட்லண்டில் ஐயோவா ஸ்டேட்டிடம் தோற்றார்கள். அடுத்து அலபாமாவுடன் நான்கு கூடுதல் நேரங்கள் வரை நீண்ட ஆட்டத்தில், இரண்டே புள்ளிகளில், 101-103 என்று வீழ்ந்தார்கள். தலைக்கனம் பிடித்தவர்கள் அப்படிப் போராட மாட்டார்கள். இந்தியானா, வர்ஜீனியா டெக் ஆகிய அணிகளிடமும் தோற்று, பத்தே நாள்களில் நான்கு தோல்விகளோடு தரவரிசையிலிருந்தே வெளியேறினார்கள். முடிவில் 20 வெற்றி, 13 தோல்வி என்பது மோசமான கணக்கன்று. ஆனால் தேர்வுக் குழு பெரிதும் மதிக்கும் முதல் தர ஆட்டங்கள், அதாவது வலுவான அணிகளுக்கு எதிரானவை, பத்தில் ஒன்றில்தான் வென்றிருந்தார்கள். 1985-இல் தொடர் 64 அணிகளாக விரிந்த பிறகு, முதலிடத்தில் தொடங்கிய ஓர் அணி அதில் இடம்பெறாமல் போனது அதுவே முதல் முறை.

பயிற்சியாளர் ஹியூபர்ட் டேவிஸ் கோளாறு எங்கே என்று உணர்ந்திருந்தார் என்பதற்கு மறு ஆண்டே சான்று. லவ் அரிசோனாவுக்குப் போக, தொலைவிலிருந்து எறியக்கூடிய கார்மாக் ரயனும் ஹாரிசன் இங்ரமும் வந்தார்கள். அதே பேகாட், அதே ஆர்.ஜே. டேவிஸ் இருந்த அந்த அணி 29 வெற்றிகளைக் குவித்தது.

இரண்டாம் நிலைத் தொடரை மறுத்த முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. களைத்து, காயம்பட்டு, மனமொடிந்த அணிக்கு ஓய்வு தேவை என்பது நியாயமான வாதம்தான். ஆனால் ஐந்து ஆண்டுகள் அந்தச் சட்டையை அணிந்து, எதிரணியின் சிறந்த வீரரை மறித்து நிற்கும் வேலையை முணுமுணுக்காமல் செய்துவந்த லீக்கி பிளாக்குக்கு இன்னும் ஓர் ஆட்டமாவது கிடைத்திருக்க வேண்டும். மார்ச் 9 அன்று கிரீன்ஸ்பரோவில் வர்ஜீனியாவிடம் 59-68 என்று தோற்றதே அவருக்குக் கடைசி ஆட்டமாகிவிட்டது.