அப்பா காருக்கு ஸ்டீரியோ: கேட்டதும் சொன்னதும்

நான் மெக்கானிக் இல்லை. பதினைந்து வருடமாகச் சொந்தக்காரர்களின் கார்களைக் கழற்றி மாட்டுகிறவன், அவ்வளவுதான். போன மாதம் என் மாமனார் வண்டிக்கு ஸ்டீரியோ மாற்றினேன் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை சொல்கிறேன்.

பெரம்பூரிலிருந்து: அண்ணா, அப்பாவுக்கு 68 வயது. பழைய வேகன் ஆர் வைத்திருக்கிறார். பிறந்தநாளுக்கு 9 இஞ்ச் ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் போட்டுத் தரலாம் என்று நினைக்கிறேன். எது நல்லது?

தம்பி, வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து போய் வா. அவர் கை எங்கே போகிறது என்று பார். என் மாமனார் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டார். போன் வந்தாலும், ஆட்டோ குறுக்கே வந்தாலும், இடது கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைக்கும். அந்த வேலைக்குத் திருகு குமிழ் வேண்டும். 9 இஞ்ச் ஸ்கிரீன்களில் பெரும்பாலும் குமிழே இருக்காது. ஓரத்தில் தொட்டால் வேலை செய்கிற புள்ளிதான். மே மாத மதியத்தில் அண்ணா சாலையில் வெயில் அடிக்கும்போது அந்தப் புள்ளியை நானே தேடுவேன்.

அவர் கேட்பது ரேடியோவும் பென் டிரைவ் பாட்டும் என்றால், புளூடூத் உள்ள சிங்கிள் டின் செட் போதும். டின் என்பது செட் முகப்பின் அளவு. ரிவர்ஸ் கேமரா வேண்டுமானால், குமிழ் வைத்த டபுள் டின் ஒன்றைத் தேடு. சிங்கிள் டின் முகப்பு 180-க்கு 50 மில்லிமீட்டர், டபுள் டின் 180-க்கு 100. டேஷ்போர்டில் மீதி விழும் இடைவெளியை மூட அந்த வண்டிக்கென்றே பிரேம் விற்கிறார்கள். மாடலோடு வருடத்தையும் சொல்லி வாங்கு.

மடிப்பாக்கத்திலிருந்து: அக்காவின் கார் இன்னும் வாரண்டியில் இருக்கிறது. கடையில் வயரை வெட்டித்தான் இணைக்க முடியும் என்கிறார்கள். வெட்டலாமா?

வேண்டாம். சாவியை வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போங்கள். கம்பெனி வயரிங்கில் அப்படியே சொருகுகிற கப்ளர் கிடைக்கும். ஜி.பி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினால் பெரும்பாலான வண்டிகளுக்குக் கையில் கொடுத்துவிடுவார்கள். வெட்டிய வயரைப் பார்த்தால், நாளைக்கு எலெக்ட்ரிக்கல் பக்கம் எது போனாலும் சர்வீஸ் சென்டர் கையை விரிக்க அதுவே காரணமாகும்.

அம்பத்தூரிலிருந்து: எந்த வயர் எதற்கு? ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள்.

நான் சொல்லும் கலர் எல்லாம் புது செட்டோடு வரும் வயருக்கு. காரின் சொந்த வயர்களுக்கு இந்தக் கணக்கு ஓடாது, அதை வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துத்தான் பார்க்கவேண்டும். மீட்டர் இல்லையென்றால் ரிச்சி தெருவில் ஒன்று வாங்கிவிடுங்கள்.

மஞ்சள் எப்போதும் 12 வோல்ட் வரும் பேட்டரி லைன். நேரமும் ஸ்டேஷன்களும் இதனால்தான் நினைவில் நிற்கும். சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் லைன். கறுப்பு எர்த். ஸ்பீக்கருக்கு வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. அதே கலரில் கறுப்புக் கோடு போட்டிருந்தால் அது மைனஸ். இந்த மைனஸை பாடியில் எர்த் செய்யவே கூடாது. செட்டுக்குள் இருக்கும் ஆம்ப், அதாவது சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், இரண்டு வயரிலும் மின்சாரத்தை ஓட்டுகிறது. பாடியில் பட்டால் அதன் ஐசி சிப் போய்விடும்.

மஞ்சளையும் சிவப்பையும் பற்றி என் அனுபவம் ஒன்று. மாமனாரின் முந்தைய வண்டியில் சாவி லைனைத் தேடச் சோம்பல்பட்டு, இரண்டையும் முறுக்கி ஒரே பேட்டரி லைனில் கொடுத்தேன். பாட்டு அருமையாகப் பாடியது. அவர் செட்டை அணைக்காமல் வண்டியை இரண்டு நாள் நிறுத்தியிருக்கிறார். மூன்றாம் நாள் தை முகூர்த்தம். பட்டுப்புடவையும் தாம்பூலத் தட்டுமாகக் குடும்பமே வாசலில் நிற்க, சாவியைத் திருப்பினால் 'டிக், டிக்' என்கிறது. இரண்டு ஆட்டோ பிடித்துப் போனோம். ஆட்டோக் காசை யார் கொடுத்திருப்பார் என்று சொல்லவேண்டியதில்லை.

அப்புறம், இன்சுலேஷன் டேப்பை நம்பாதீர்கள். நம்ம ஊர் வெயிலில் பசை இளகி, ஆறு மாதத்தில் டேப் வழுக்கி வயரோடு தொங்கும். கையில் கறுப்பு ஒட்டும். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டினால் கப்பென்று பிடித்துக்கொள்ளும்.

கொளத்தூரிலிருந்து: ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் நேரம், ஸ்டேஷன் எல்லாம் அழிந்துவிடுகிறது.

அநேகமாக மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கும். சில ஐரோப்பிய வண்டிகளில் கம்பெனியிலிருந்தே மாறித்தான் வரும். அதற்காகவே பல கப்ளர்களில் இந்த இரண்டு வயரிலும் கழற்றி மாற்றிச் சொருக ஒரு ஜாயின்ட் வைத்திருப்பார்கள்.

தாம்பரத்திலிருந்து: பழைய செட்டில் 93.5-உம் 98.3-உம் கண்ணாடி மாதிரி கேட்டன. புது செட்டில் ஒரே இரைச்சல். செட் கோளாறா?

அநேகமாக இல்லை. கூரை ஆன்டெனாவின் அடியில் ஒரு சின்ன பூஸ்டர் இருக்கும். அதற்கு மின்சாரம் நீல வயரில் போகவேண்டும். நிறையப் பேர் அதை மடித்துக் கட்டி உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அதை இணைத்த பிறகும் இரைந்தால், டேஷ்கேமையும் லைட்டர் சாக்கெட்டில் இருக்கும் மலிவு சார்ஜரையும் பிடுங்கிவிட்டுக் கேளுங்கள்.

முகப்பேரிலிருந்து: நாலு ஸ்பீக்கரும் பாடுகின்றன, ஆனால் பேஸ் (கனத்த அடிச்சத்தம்) இல்லை. மிருதங்கம் தகர டப்பா மாதிரி கேட்கிறது.

ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். ஒரு ஸ்பீக்கரின் கோன் (முன்னும் பின்னும் அசையும் கூம்பு) வெளியே தள்ளும்போது இன்னொன்று உள்ளே இழுத்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். செட்டிலிருந்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை பிளஸ் என்று நினைக்கும் வயரிலும், மைனஸை மற்றதிலும் ஒரு நொடி தொடுங்கள். 'டப்' என்று கோன் வெளியே வந்தால் சரி. உள்ளே போனால் வயரை மாற்றுங்கள்.

அண்ணா நகரிலிருந்து: அட்டையில் 4 x 50 வாட் என்று போட்டிருக்கிறதே?

செட்டின் பின்னால் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 10 ஆம்பியர் என்றால், என்ஜின் ஓடும்போது வரும் 14 வோல்ட்டால் பெருக்கினால் 140 வாட். அதிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். 200 எங்கிருந்து வந்தது என்று அட்டையைத்தான் கேட்கவேண்டும். வீட்டு ஆட்கள் ஓட்டும் வண்டிக்கு நிஜமாகக் கிடைப்பதே தாராளம்.

வேளச்சேரியிலிருந்து: சித்தப்பாவுக்கு வூஃபர் ஆசை. சீட்டுக்கு அடியில் ஆம்ப் வைக்கலாமா?

வேளச்சேரியில் இருந்துகொண்டா இந்தக் கேள்வி! 2015 டிசம்பரும் 2023 மிக்ஜாமும் மறந்துவிட்டதா? காருக்குள் தண்ணீர் வந்தால் முதலில் நனைவது சீட்டின் அடிதான். டிக்கியின் பக்கச் சுவரிலோ பின் சீட்டின் முதுகிலோ ஏற்றி வையுங்கள். பேட்டரியிலிருந்து வரும் வயரில் முதல் ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் கட்டாயம். நசுங்கிய வயர் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். உள்ளே தண்ணீர் வந்துவிட்டால் சாவியைத் தொடாமல் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள்.

குரோம்பேட்டையிலிருந்து: அம்மா காருக்கு நானே போடலாமா? இதுவரை ஸ்குரூ டிரைவர்கூடப் பிடித்ததில்லை.

தாராளமாகப் போடலாம்மா. பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஆரம்பி. பேனலைப் பிளாஸ்டிக் நெம்புகோலால் எடு. ஸ்குரூ டிரைவர் பட்டால் தழும்பு போகாது. உள்ளே மஞ்சள் உறை போட்ட வயர், மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் கையே வைக்காதே, அது ஏர்பேக்குக்குப் போவது. எல்லாம் இணைத்தபின் பேனலை மூடாமலே நாலு ஸ்பீக்கர், ரேடியோ, போன், ரிவர்ஸ் எல்லாவற்றையும் சோதித்துவிடு. மூடியபிறகு சோதித்து மறுபடி திறந்த கதை என்னிடம் நிறைய இருக்கிறது.

மறுபடி பெரம்பூர்: அண்ணா, நீங்கள் சொன்னபடி குமிழ் வைத்ததே போட்டேன். ஆனாலும் 'பழசே நல்லா இருந்தது' என்கிறார்.

முதலில் மெனுவில் டெமோவை அணை. கலர் கலராக லைட் ஓடினால் அவர் வயதில் எரிச்சல்தான் வரும். அவர் கேட்கும் ஸ்டேஷன்களைப் பழைய செட்டில் இருந்த அதே வரிசையில் பட்டன்களில் வை. ஒரு வாரம் விடு. அப்படியும் பிடிக்கவில்லையா, வயர் எதையும் வெட்டவில்லையே, அரை மணி நேரத்தில் பழையதை மாட்டிவிடலாம். அதைப் புதுப்பேட்டையில் போட்டுவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிடாதே.