பினாங்கு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் ஆறு மாதம்கூட நிற்பதில்லை. சூப்பர்வைசர் என்ன செய்யலாம்?

பிறந்தநாள் கேக், ‘இந்த மாதச் சிறந்த ஊழியர்’ படம் எல்லாம் பிறகு. முதலில் ரூம் ஷீட்டை எடுங்கள். ஆளுக்கு 14 ரூம் பிரித்துவிட்டு எல்லாருக்கும் சமம் என்று நினைப்பதில்தான் கோளாறு.

விருந்தினர் காலி செய்த செக்-அவுட் ரூமுக்கு 40 நிமிடம், இன்னும் ஆள் தங்கியிருக்கும் தங்கல் ரூமுக்கு 20 என்று வைத்துக்கொள்ளுங்கள் (கடிகாரம் வைத்து உங்கள் ரூமை அளந்து மாற்றிக்கொள்ளலாம், பத்து பெரிங்கி கடற்கரை ஹோட்டல்களில் கடல் மணல் கூட்டவே தனி நேரம் போகும்). 2023 முதல் மலேசியச் சட்டப்படி வாரத்துக்கு 45 மணி நேரம். ஆறு நாள் வேலைக்குப் பிரித்தால் நாளுக்கு 450 நிமிடம். பிரீஃபிங், டிராலி நிரப்புவது என 30 போனால் மிச்சம் 420. ஞாயிற்றுக்கிழமை 10 செக்-அவுட், 4 தங்கல் விழுந்தவருக்கு 480 நிமிட வேலை. கூடுதலான அந்த ஒரு மணி நேரத்தை அவர் சாப்பாட்டு நேரத்தில் எடுப்பார், அல்லது பாத்ரூம் மூலையைத் தேய்க்காமல் விடுவார். அப்புறம் இன்ஸ்பெக்‌ஷனில் திட்டு. பக்கத்து மாடியில் 14-ம் தங்கலாகக் கிடைத்தவர் 280 நிமிடத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்.

ஆகவே புள்ளி போடுங்கள்: செக்-அவுட் 2, தங்கல் 1, நாளுக்கு 21 புள்ளி. தாண்டினால் ஒன்றரை மடங்கில் ஓ.டி. எழுதுங்கள்.

அடுத்து ரோஸ்டர். இரவு 11-க்கு முடித்தவரை மறுநாள் காலை 7-க்குப் போடாதீர்கள். கடல் தாண்டி பட்டர்வொர்த் போய்த் திரும்புகிறவருக்கு ஐந்து மணி நேரத் தூக்கம்கூட மிஞ்சாது. காலை, மாலை, இரவு என்ற வரிசையில் சுற்றினால் உடம்பு ஓரளவு ஒத்துழைக்கும், தலைகீழாகச் சுற்றினால் முரண்டுபிடிக்கும். ஷிப்ட் ஆட்களுக்குத் தொடர்ச்சியாக 30 மணி நேரம் விட்டால் ஓய்வு நாள் என்று சட்டம் ஏற்கிறது. வெள்ளி இரவு 11-க்கு முடித்து ஞாயிறு காலை 7-க்கு வந்தால் 32 மணி நேரம். கணக்குக்குச் சரி, ஆளுக்குச் சரியில்லை.

சர்வீஸ் பாயிண்டில், அதாவது விருந்தினர் கட்டும் சேவைக் கட்டணத்தை ஊழியர்களுக்குப் பிரிக்கும் பங்குக் கணக்கில், ஒளிவுமறைவு வேண்டாம். மாத வசூல், மொத்தப் பாயிண்ட், ஒரு பாயிண்டின் மதிப்பு மூன்றையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். கூட்டமில்லாத மாதத்தில் மதிப்பு சரியும்போதுதான் ‘ஆபீஸ் தின்றுவிட்டது’ என்ற பேச்சு கிளம்பும். சேவைக் கட்டணத்தை வைத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக் கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021-லேயே சொல்லிவிட்டது.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் காவடி எடுப்பவர்கள் பெயரை இரண்டு மாதம் முன்பே வாங்கி, சீனப் புத்தாண்டு லீவு கேட்பவர்களோடு மாற்றிப் போடுங்கள். கடைசி வாரம் வரை இழுத்தால் லீவு கொடுக்க வழியிருக்காது. அன்றைக்கு ஆளுக்குப் பதில் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சீட்டு) தான் வரும்.